காதுகுத்துக்கு வந்த இரண்டு பெரியவர்கள்

எங்கள் ஹவுஸ் ஓனர் ஒரு காலத்தில் பெரிய ரவுடிக் கும்பலின் தலைகளில் ஒருவர் என்பது, என் மகள் பிறந்த மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அவரைப் பற்றி எனக்கிருந்த ஒரே புகார், ஹீட்டரை அளவுக்கு மேல் ஏற்றி வைக்கிறார் என்பதுதான்.

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் எடிசனில், ஓக் ட்ரீ ரோட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் அந்தப் பழைய வீடு. கீழே அவர், மாடியில் நாங்கள். இத்தாலியக் குடும்பத்தில் பிறந்த அமெரிக்கர், எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மனைவி இல்லை. ஒரே மகள் கலிபோர்னியாவில், சான் ஹோசே பக்கம். குப்பைத் தொட்டியை ரோட்டுக்குத் தள்ளிவரக்கூட இஸ்திரி போட்ட சட்டை வேண்டும் அவருக்கு. நம் வழக்கப்படி நாங்கள் அவரை அங்கிள் என்றோம். அவர் பேசியது நியூ ஜெர்சி ஆங்கிலம்தான். ஆனால் என் நினைவில் அவர் எங்கள் ஊரான கோபிப் பக்கத்து ஆள் மாதிரிதான் பேசுகிறார். என்னை அவர் கூப்பிட்ட சொல்லுக்கு எங்கள் ஊரில் 'கண்ணு' என்பதுதான் சரி. அதனால் அவர் பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

டிசம்பர் மாதம், நல்ல பனி. என் கணவர் டெக்சாஸில் கேட்டி என்ற ஊர்ப் பக்கம் கிளையண்ட் வேலையாகப் போயிருந்தார். டெலிவரிக்கு இன்னும் நாள் இருக்கிறதென்று டாக்டரும் சொன்னார், இவரும் நம்பினார், ஆண்பிள்ளைகள் இந்த விஷயத்தில் எதையும் நம்புவார்கள். சாயங்காலம் எனக்குப் பனிக்குடம் உடைந்தது. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து அங்கிளைக் கூப்பிட்டேன். கப்பல் மாதிரி ஒரு பழைய கார் வைத்திருந்தார். அதில் என்னைப் பின்சீட்டில் படுக்க வைத்து, அந்தப் பனியில் ஒரு முறைகூட சறுக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆஸ்பத்திரியில் யார் நீங்கள் என்று கேட்டதற்கு, "இந்தப் பொண்ணு வீட்டு ஆளு" என்று சொல்லிவிட்டு வராண்டாவில் உட்கார்ந்துகொண்டார். நாத்தனார் வந்து சேரும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் அங்கிள் வீட்டுக்கு இரண்டு அதிகாரிகள் வந்துபோனதை எதிர்வீட்டுக் குஜராத்தி ஆன்ட்டி போனில் சொன்னார். அவர் ஜெயிலிலிருந்து வெளியே வந்து அதிக காலம் ஆகவில்லையாம். இருட்டியபின் வீட்டை விட்டு வெளியே இருக்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவாம். என்னைக் கூட்டிப்போனதால் உத்தரவை மீறிவிட்டதாக அவரே போன் செய்து சொல்லியிருக்கிறார். பிரசவம் என்பதால் எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அங்கிள் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் கணவர் பறந்து வந்ததும் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு போனை எடுத்து ஓனரைத் தேடிப் பார்த்தார். வந்தது எல்லாம் பழைய செய்திகள். அந்த வட்டாரத்தில் எந்தக் குப்பை லாரி எந்தத் தெருவில் ஓடலாம் என்று முடிவு செய்த கூட்டம் அது. ஒத்துவராதவர்களின் லாரிகள் எரிந்திருக்கின்றன. ஒருவர் கையை உடைத்திருக்கிறார்கள். பிடிபட்டபோது கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் மற்றவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டுச் சீக்கிரமே வெளியே போய்விட்டார்கள். வாய் திறக்காதவர்கள் இரண்டே பேர். அவர்களுக்குத்தான் பெரிய தண்டனை. ஒரு போட்டோவில் அங்கிள் கோட் சூட்டோடு கைவிலங்கில் நிற்கிறார். பக்கத்தில் அதே விலங்கோடு இன்னொருவர், கல்யாண வீட்டுக்கு வந்தவர் போலச் சிரித்துக்கொண்டு.

"காலி பண்ணிரலாம்" என்றார் கணவர். "கிரீன் கார்டு பெண்டிங்ல கிடக்குது. இந்தாளோட சகவாசம் நமக்கெதுக்கு?"

"அந்தாளு இல்லீன்னா உங்க புள்ள ரோட்டுல பொறந்திருக்கும்" என்றேன். அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், அவருக்கு அது தெரியும்.

அந்தக் கை உடைந்த ஆளை நான் மறக்கவில்லை. மறக்கக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த நல்லவர்கள் நிறையப் பேர், ஒரு கேள்வி கேட்டால் போதும், பக்கத்து சீட்டுக்காரனைப் பற்றி மேனேஜரிடம் ஒப்பித்துவிடுவார்கள். இருபது வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தும் ஒரு பெயரைச் சொல்லாத மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியார் ஊரிலிருந்து வந்தார். பொங்கலன்று அங்கிளை மாடிக்குக் கூப்பிட்டு வாழை இலையில் சோறு போட்டோம். கையால் அழகாகப் பிசைந்து சாப்பிட்டார். முடித்ததும் இலையை எதிர்ப்பக்கமாக மடித்து மூடினார். மாமியார் ஓடிவந்தார்.

"ஏனுங் பெரியவரே, அப்படி மடிக்கப்படாதுங். அது எழவு வீட்டுல மடிக்கறதுங்" என்று சொல்லிக்கொண்டே, எச்சில் இலை என்றும் பாராமல் பிரித்து, அவர் பக்கமாக மடித்து வைத்தார்.

என்ன தப்பு என்று அங்கிள் என்னைப் பார்த்தார். மேல் பாதியை நம் பக்கம் இழுத்து மடித்தால் சாப்பாடு திருப்தி, உறவு தொடரும், மறுபடி வருவோம் என்று அர்த்தம், எதிர்ப்பக்கம் தள்ளி மடிப்பது சாவு வீட்டில், திரும்ப இப்படி ஒரு சாப்பாடு வேண்டாம் என்பதற்காக என்று சொன்னேன். அவர் உள்ளங்கையை ஒரு முறை இந்தப் பக்கம் சாய்த்தார், ஒரு முறை அந்தப் பக்கம் சாய்த்தார். "இது நல்ல ஏற்பாடு" என்றார். "வாயத் திறக்காம சொல்லிரலாம்."

மகளுக்குக் காதுகுத்து வைக்க ஒற்றைப்படை மாதமாகப் பார்த்து, பதினோராம் மாதத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பாங்க்வெட் ஹாலைப் பிடித்தோம். அதற்கு இரண்டு வாரம் முன்னால் அங்கிள் மாடிக்கு வந்தார். எப்போதும் கதவருகே நின்று பேசிவிட்டுப் போகிறவர், அன்று கிச்சனில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு எலை சேர்த்துப் போட முடியுமா கண்ணு?" என்றார்.

போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்த அந்த இன்னொருவருக்காகக் கேட்டார். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்களாம். நண்பருக்கு நுரையீரல் போய்விட்டது, மகள் வீட்டில் இருக்கிறார், டாக்டர்கள் அதிக நாள் சொல்லவில்லை. பழைய குற்றவாளிகள் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது என்பது விடுதலையின் நிபந்தனை. அனுமதி கேட்டு அங்கிள் விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். அவர் போகிற சர்ச், காபிக்கடை எல்லாவற்றையும் அதிகாரிகள் அறிவார்கள். முந்நூறு தமிழர்கள் நாதஸ்வரத்தோடு கூடுகிற ஹாலில் வந்து யாரும் தேட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

"மாட்டினா என்ன ஆகும் அங்கிள்?"

"நான் உள்ள போயிருவேன். அவன் நடக்கவே முடியாதவன், அவனை விட்டுருவாங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, உங்களுக்கு எதுவும் தெரியாது." நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அவனை ஒரு தடவை பார்க்கணும். அவ்வளவுதான்."

என் கணவர் நிபந்தனையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவரே கேட்டரிங்காரரிடம் போன் செய்து, "ரெண்டு இலை கடைசி வரிசையில, ஓரமா" என்றார். இப்படித்தான் சில சமயம் இவர் என்னை வாயடைக்க வைப்பார்.

காதுகுத்தன்று நண்பரை அவர் மகள் வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்தாள். ஐம்பது வயதுப் பெண், அப்பாவின் ஆக்சிஜன் பெட்டியைக் கைப்பை போலத் தோளில் மாட்டியிருந்தாள். ஒரு புது ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்று ஆரம்பிக்கப்போகிறார்கள், அப்பா தேறிவிடுவார் என்று என்னிடம் சொன்னாள். கடைசி வரிசையில் அங்கிள் எழுந்து நின்றார். இருவரும் கட்டிப்பிடிப்பார்கள், அழுவார்கள் என்று நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிள் நண்பரின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

மகள் மாமன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழுது முடித்தாள். பந்தி நடந்தது. நான் போய்ப் பார்த்தபோது இருவரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அங்கிளின் இலை ஒழுங்காக அவர் பக்கம் மடிந்திருந்தது. நண்பருடையது எதிர்ப்பக்கமாக. மாமியார் அதைப் பார்த்துவிட்டார். நல்ல நாளும் அதுவுமாக இதென்ன அபசகுனம் என்று முகம் சுருங்கிப்போனது. "அவருக்கென்ன தெரியும் அத்தை, விடுங்க" என்று நான் இலையை எடுத்துச் சுருட்டினேன். கிளம்பும்போது நண்பர் என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். பேச மூச்சு இல்லை அவருக்கு.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். என் கொழுந்தனாரை மறந்துவிட்டேன். கணவரின் தம்பி, மான்மவுத் ஜங்ஷனில் இருப்பவர், வாரத்தில் ஐந்து நாள் ஐடி, இரண்டு நாள் வீடியோகிராபர். விசேஷத்தை அவர்தான் எடுத்தார். நம் ஆட்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. வெள்ளைக்காரர் ஒருவர் கையால் சாம்பார் சாதம் சாப்பிட்டால் போதும், உலகத்தையே ஜெயித்த மாதிரி பூரித்துப்போவோம். இரண்டு வெள்ளைக்காரத் தாத்தாக்கள் அருகருகே உட்கார்ந்து வாழை இலையில் சாப்பிட்டால் கொழுந்தனார் சும்மா இருப்பாரா? பாட்டைப் போட்டு ரீல் செய்து ஏற்றிவிட்டார். மறுநாள் காலையில் எங்கள் குடும்ப குரூப்பில் மட்டும் அது ஒன்பது பேரிடமிருந்து வந்தது. அதில் அங்கிள் உள்ளங்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து ஏதோ சொல்கிறார். நண்பர் தலையாட்டிச் சிரித்து, இலையை எதிர்ப்பக்கம் மடிக்கிறார். பாட்டுச் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. கீழே கமெண்டில் நம்மவர்கள் ஒருவருக்குப் பாஸ், ஒருவருக்கு ஃபெயில் என்று மார்க் போட்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள் அதிகாரிகள் வந்து அங்கிளை அழைத்துப் போனார்கள். யார் மூலம் போனதோ, எத்தனை பேர் கை மாறிப் போனதோ, அவரைக் கண்காணிக்கிற புரொபேஷன் ஆபீசரின் போனுக்கே அந்த ரீல் போய்ச் சேர்ந்திருந்தது. படியிறங்கும்போது என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஹீட்டரைக் கொறைச்சு வெச்சிருக்கேன்" என்றார்.

விசாரணைக்கு நானும் கொழுந்தனாரும் போயிருந்தோம். கொழுந்தனார் முகத்தில் ரத்தமே இல்லை. எங்களுக்கு முன் பெஞ்சில் நண்பரின் மகள் உட்கார்ந்திருந்தாள். கோர்ட்டில் அந்த ரீலைத் திரையில் ஓட்டினார்கள். பாட்டு நிறுத்தப்பட்டிருந்தது. நாதஸ்வரமும் இல்லாமல், பாட்டும் இல்லாமல், இரண்டு கிழவர்கள் ரசம் சாதம் சாப்பிடுவதை மொத்தக் கோர்ட்டும் பார்த்தது. அரசு வக்கீல் அங்கிளின் உள்ளங்கை சாய்கிற இடத்தில் நிறுத்தினார். இது என்ன சைகை, எந்தப் பழைய தொழிலைப் பற்றிப் பேசினீர்கள் என்று கேட்டார்.

அங்கிள் பதில் சொல்லவில்லை.

ஜட்ஜ் நல்ல பெண்மணி. இது வெறும் நட்புச் சந்திப்பு என்றால் தன்னால் பெருந்தன்மையாக நடந்துகொள்ள முடியும், ஆனால் என்ன பேசினீர்கள் என்பதை நீங்கள் சொல்ல வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அங்கிளின் வக்கீல் குனிந்து அவர் காதில் கெஞ்சினார். நான் மனசுக்குள், சொல்லித் தொலையுங்கள் அங்கிள், ரசம் காரமா என்று கேட்டான் என்றாவது சொல்லுங்கள் என்று கத்தினேன். அவர் முன் பெஞ்சுப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு, "அது எங்களுக்குள்ள" என்றார். திரும்ப உள்ளே அனுப்பினார்கள். நண்பரை அங்கே அழைத்தது யார் என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். தானே அவரைக் கூட்டிவந்ததாகவும் அந்தக் குடும்பத்துக்கு எதுவும் தெரியாது என்றும்.

வீட்டுக்கு வந்து கொழுந்தனாரை நான் பேசிய பேச்சை அவர் மனைவியே இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். ரீலை அங்கேயே, என் கண்ணெதிரே அழிக்க வைத்தேன். ஒரிஜினலையும் அழிக்க வைத்தேன். அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

வீட்டு வேலைகளைக் கவனிக்கச் சான் ஹோசேயிலிருந்து அங்கிளின் மகள் போன் செய்வாள். கறாரான குரல். ஒரு முறை நான் அங்கிளை ஏதோ புகழ்ந்துவிட்டேன். "உங்க பொண்ணு பொறந்தப்ப வராண்டாவுல உட்கார்ந்திருந்தாரா?" என்றாள். "நான் பொறந்தப்ப எங்க இருந்தார்னு எங்கம்மாவுக்கே தெரியாது." அவள் சொன்னதும் உண்மைதான்.

மாசி வாக்கில் நண்பர் இறந்துபோனார். அங்கிளை அடக்கத்துக்கு விடவில்லை. அந்த வாரம் ஜெயிலிலிருந்து எனக்கு போன் வந்தது. ஹீட்டர், பனி, குழந்தை எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "அந்த வீடியோ இருக்குதில்ல?" என்று கேட்டார். "நான் வந்ததும் பார்க்கணும். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்திருக்கற போட்டோ எல்லாமே போலீஸ் எடுத்தது."

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதரின் ஒரே ஆசையை நானே நின்று அழிக்க வைத்திருக்கிறேன். கொழுந்தனார் தன் கம்ப்யூட்டரில் தோண்டாத இடம் இல்லை. குடும்ப குரூப்பில் கேட்டேன். அங்கிள் மாட்டிய செய்தி பரவியதும், வம்பு எதற்கு என்று எல்லோரும் அழித்திருந்தார்கள். கடைசியில் கைகொடுத்தது சத்தியமங்கலத்தில் இருக்கிற கணவரின் பெரியப்பா. போனில் எதையும் அழிக்கத் தெரியாத மனிதர். ஐந்து வருடத்து குட்மார்னிங் பூக்கள் அத்தனையும் அவரிடம் இருக்கின்றன. "இதானுங் அம்மணி?" என்று அனுப்பிவைத்தார். சாமி கும்பிடுகிற மாதிரி இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டேன்.

இலையுதிர் காலத்தில் அங்கிள் வீடு திரும்பினார். இஸ்திரி சட்டை இரண்டு அளவு பெரிதாகத் தொங்கியது. நான் கீழே போய் டேபிளில் போனைச் சாய்த்து வைத்து ஓட்டினேன். பாட்டை நிறுத்திவிட்டேன். மகள் இப்போது நடக்கிறாள், அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவளும் பார்த்தாள்.

அங்கிளின் கை இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது. நண்பர் தலையாட்டிச் சிரித்தார். இலையைத் தள்ளி மடித்தார்.

"பாவம், அவருக்கு மடிக்கத் தெரியல அங்கிள்" என்றேன்.

"தெரியும்" என்றார். "எந்தப் பக்கம்னா என்ன அர்த்தம்னு நான்தான் சொன்னேன். ரெண்டு தடவை கேட்டுக்கிட்டான். அப்புறம்தான் மடிச்சான்."

மறுபடி வரப்போவதில்லை என்று அந்த மனிதர் இலையாலேயே விடைபெற்றிருக்கிறார் என்பது எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் கோபம்தான் வந்தது. "இதைக் கோர்ட்டுல சொல்லியிருக்கலாமில்ல? அந்த ஜட்ஜ் அன்னிக்கே உங்களை விட்டிருப்பாங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையில் நின்றிருந்த நண்பரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் பொண்ணு முன் பெஞ்சுல உட்கார்ந்திருந்தா கண்ணு" என்றார். "புது மருந்து ஆரம்பிச்சிருந்தாங்க."